மஞ்சள் வெயில்: ஓவியத்தில் தெரிவது காற்றா, கோணமா, மரபா?

2023 ஜனவரி இறுதியில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஆங்கில ஓவியர் டர்னர், பிரெஞ்சு ஓவியர் மொனே ஆகிய இருவருடைய சுமார் நூறு ஓவியங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலம் செல்லச்செல்ல அவற்றில் பொருள்களின் விளிம்புகள் மங்கிவருவதையும் நிறங்கள் வெளுத்துவருவதையும் அளந்தார்கள். லண்டனிலும் பாரிஸிலும் நிலக்கரிப் புகை பெருகிய வேகத்தோடு இந்த மாற்றம் பொருந்துகிறது என்பது அவர்களுடைய முடிவு. செய்தியாக வந்தபோது இது, மொனே வரைந்தது அழகை அல்ல, மாசை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இதற்கு முன்பே, 2007இல், கிரேக்க ஆய்வாளர் கிறிஸ்டோஸ் செரெஃபோஸ் குழுவினர் 1500 முதல் 1900 வரையிலான 500க்கும் மேற்பட்ட அந்தி ஓவியங்களை ஆராய்ந்து, பெரிய எரிமலை வெடிப்புகளுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவற்றில் சிவப்பு கூடியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் படித்தவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஓவியங்களில் நாம் காணும் அந்தப் பொன்வெயில் எரிமலையால் வந்ததா, ஆலைப் புகையால் வந்ததா, இல்லை ஓவியரின் கைவரிசையா?

பதிலை அடைய முதலில் சூரியனிடமிருந்தே தொடங்க வேண்டும்.

சூரியன் இறங்கும்போது என்ன நடக்கிறது

இந்தக் கட்டுரையில் சாய்வெயில் என்று சொல்வது, சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை உயரத்துக்குள் இருக்கும்போது விழும் ஒளியை. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. புகைப்படக்காரர்கள் கோல்டன் ஹவர் என்பது இதன் கடைசிப் பகுதியை, அதாவது 6 பாகைக்குக் கீழே.

1. ஒளி கடக்கும் காற்று கூடுகிறது. உச்சிவெயில் கடந்துவரும் காற்றின் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், சூரியன் 30 பாகையில் இருக்கும்போது அது 2. 10 பாகையில் ஐந்தரை. 5 பாகையில் 10. அடிவானத்தைத் தொடும்போது ஏறக்குறைய 38. கடைசி ஐந்து பாகைக்குள்தான் பெரும் மாற்றம் நடக்கிறது. அந்தி நிறம் மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று முற்றுவதற்குக் காரணம் இதுவே.

2. நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. காற்று மூலக்கூறுகள் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளியை அதிகம் சிதறடிக்கும். சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீல ஒளி சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுவது இதனால்தான். நீண்ட தூரம் கடந்துவரும் கதிரில் எஞ்சுவது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

3. நிழல் நீலமாகிறது. நேர்க்கதிர் படாத இடம் முழுக்க இருண்டுவிடுவதில்லை. அங்கே வானத்தின் ஒளி விழுகிறது. மேலே வானம் இன்னும் நீலமாக இருப்பதால் நிழலும் நீலம் அல்லது ஊதா சாயலைப் பெறுகிறது.

நிறத்தைவிடக் கோணம் முக்கியம்

சாய்வெயில் என்றதும் எல்லோரும் மஞ்சள் நிறத்தையே நினைக்கிறோம். நிலக்காட்சி ஓவியத்துக்கு அதைவிடப் பெரிய விஷயம் கோணம். அதைப் பலர் கவனிப்பதில்லை.

உச்சிவெயில் தரையின் மேல் விழுகிறது. சாய்வெயில் தரையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு, நிற்கும் பொருள்களின் மேல் விழுகிறது. கணக்காகப் பார்த்தால், சூரியன் 10 பாகையில் இருக்கும்போது சமதரை பெறுவது நேர்க்கதிரின் 17 சதவீதம் மட்டுமே. சூரியனைப் பார்த்து நிற்கும் சுவர் 98 சதவீதத்தைப் பெறுகிறது. மரத்தண்டு, மாட்டின் விலா, கோபுரத்தின் மேற்குப் பக்கம், மனிதரின் முகம் ஆகியவை தரையைவிட ஐந்தாறு மடங்கு வெளிச்சமாகின்றன. மதியத்தில் வெறும் பின்னணியாகக் கிடந்தவை எல்லாம் மாலையில் முன்னுக்கு வந்து நிற்பது இப்படித்தான். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அது மாலைக் காட்சி என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது.

நிழலின் நீளமும் அப்படியே. 45 பாகையில் ஒரு ஆளின் நிழல் அவர் உயரம்தான் இருக்கும். 10 பாகையில் ஐந்தே முக்கால் மடங்கு. 5 பாகையில் பதினோரு மடங்குக்கு மேல். தட்டையாகத் தெரிந்த வயலில் சின்ன மேடு பள்ளமெல்லாம் நிழல் போட்டு உருவம் பெறுகின்றன. ஒரு நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்துப் பார்ப்பவர் தூரத்தை உணர்கிறார். தூரத்தைக் காட்டுவதுதான் நிலக்காட்சி ஓவியரின் அடிப்படை வேலை. அதில் பாதியை இந்த நேரத்துச் சூரியன் இலவசமாகச் செய்துகொடுத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. சம இரவு நாளில் சென்னையில் சூரியன் 6 பாகையிலிருந்து அடிவானம் வரை இறங்க சுமார் 25 நிமிடம் ஆகும். ரோமில் 32 நிமிடம். நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் 39 நிமிடம். குளிர்காலத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. டிசம்பர் 21 அன்று டோர்ட்ரெக்டில் நண்பகல் சூரியனே 15 பாகையைத் தாண்டுவதில்லை. சென்னையில் அதே நாள் நண்பகலில் 53 பாகைக்கு மேல் இருக்கும். வட ஐரோப்பிய ஓவியருக்கு ஆண்டில் பல வாரங்கள் நாள் முழுவதும் சாய்ந்த வெயில்தான், மேகம் விட்டால். நமக்கு அது காபி குடித்து முடிப்பதற்குள் போய்விடும். சாய்வெயிலை மையமாகக் கொண்ட ஓவிய மரபு அந்த அட்சரேகைகளில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. இந்திய மரபு ஒளியை வேறு விதமாகக் கையாண்டதை அடுத்து வரும் ஒரு பகுதியில் பார்க்கலாம்.

சாயத்துக்குச் சூரியனாக முடியாது

இனி ஓவியரின் சிக்கல். வெள்ளைச் சாயம் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பித் தரும். நல்ல கறுப்பு 3, 4 சதவீதம் தரும். ஒரு ஓவியத்தில் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 25, 30 மடங்கு. வெளியே, அடிவானச் சூரியனுக்கும் புதருக்கு அடியில் உள்ள நிழலுக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு. ட்யூபில் உள்ள மஞ்சளைப் பிழிந்து அப்பினால் மஞ்சள் சுவர்தான் கிடைக்கும், வெயில் கிடைக்காது. ஆகவே ஓவியர்கள் சுற்றுவழிகளைக் கண்டுபிடித்தார்கள். முக்கியமானவை இவை:

1. மற்றதையெல்லாம் இருட்டாக்குவது. ஒரு ஓரத்தில் பெரிய கரிய மரம் அல்லது கட்டடத்தை நிறுத்தினால், அதற்கு அப்பால் உள்ள வெளிர்மஞ்சள் ஒளிர ஆரம்பிக்கும்.

2. சூரியனை மறைப்பது. பாய்மரம், மேகம், கிளை எதற்காவது பின்னால் சூரியனை வைத்துவிட்டு, பொருள்களின் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒளிக்கோட்டை ஓட்டுவது. மாட்டின் முதுகு, குதிரைக்காரனின் தொப்பி விளிம்பு ஆகியவை இதற்கு வசதியான இடங்கள்.

3. தூரிகைத் தடம் தெரியாத படிமாற்றம். சூரியனுக்கு அருகே வெளிர்மஞ்சளில் தொடங்கி, இளஞ்சிவப்பு வழியாக, மேலே நீலம்வரை வானத்தைக் கரைத்துக்கொண்டு போவது. இதில் ஒரு இடத்தில் கோடு விழுந்தாலும் ஒளி செத்துவிடும்.

4. எதிர்நிறத்தை வைப்பது. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில், அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக்காட்டுவதை விதியாகவே விளக்கினார்.

5. வெளிச்சத்தைச் சமமாக்கி நிறத்தை மட்டும் மாற்றுவது. இது மிக நுட்பமானது. 1872 என்று தேதியிட்ட மொனேயின் புகழ்பெற்ற சூரியோதய ஓவியத்தில், லெ ஹாவ்ர் துறைமுகத்தின் மேல் ஒரு ஆரஞ்சு வட்டம் நிற்கிறது. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும், ஏனென்றால் அதன் வெளிச்ச அளவும் சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் அளவும் ஒன்றே. ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைச் சுட்டிக்காட்டினார். மூளையில் நிறத்தைக் கணிக்கும் பகுதி வட்டத்தைப் பார்க்கிறது, இடத்தையும் அசைவையும் வெளிச்ச வேறுபாட்டால் கணிக்கும் பகுதி அதைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்தச் சூரியன் ஒரு இடத்தில் நிற்காமல் துடிப்பதுபோலத் தோன்றுகிறது என்பது அவர் விளக்கம். நிஜச் சூரியன் ஒருநாளும் வானத்தின் வெளிச்ச அளவுக்கு இறங்கிவராது. மொனே உண்மையை விட்டு விலகித்தான் உண்மையான உணர்வைக் கொண்டுவந்தார்.

முதல் மூன்று வழிகளும் 17ஆம் நூற்றாண்டிலேயே முழுமை பெற்றுவிட்டன. கடைசி இரண்டும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

ரோமில் பிறந்து ஊர் ஊராகப் போன வெயில்

சூரியனையே ஓவியத்தின் நடுவில், அடிவானத்துக்குச் சற்று மேலே வைத்து, மொத்தக் காட்சியையும் அதிலிருந்து ஒளிபெறச் செய்ததில் முன்னோடி கிளோத் லொரேன். பிரான்ஸின் லொரேன் பகுதியில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ரோமில் கழித்து, 1682இல் அங்கேயே இறந்தவர். அவருடைய நண்பர் சாண்ட்ரார்ட் எழுதிய நூல் 1675இல் அச்சானது. லொரேன் விடிவதற்கு முன்பே வயல்வெளிக்குப் போய் இருட்டும்வரை அங்கே கிடந்து, பார்த்த நிறத்துக்கு ஏற்பச் சாயத்தைக் கலந்துவைத்துக்கொண்டு வீடு திரும்புவார் என்று அதில் சொல்லியிருக்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 1648ஆம் ஆண்டுத் துறைமுகக் காட்சியில், ஷீபா அரசி கப்பலேறப் போகிறார். அரசியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண் நேரே போவது தண்ணீரின் மேல் நம்மை நோக்கி நீளும் வெயில் பாதைக்கு.

அந்த வெயிலை வடக்கே கொண்டுபோனவர் யான் போத். உட்ரெக்ட் நகரத்துக்காரர். ரோமில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1640களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அவருடைய படங்களைப் பார்த்து ஆல்பர்ட் கௌப் (1620–1691) தன் போக்கையே மாற்றிக்கொண்டார். கௌப் டோர்ட்ரெக்டில் பிறந்து அங்கேயே இறந்தவர். இத்தாலிக்குப் போனதாக எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அவருடைய மாஸ் ஆற்றங்கரையில், ஹாலந்து மாடுகள் ரோமாபுரி வெயிலில் நின்று அசைபோடுகின்றன. இது அவருடைய ஊரின் காற்றைப் பற்றிய பதிவா, இன்னொரு ஓவியரின் படத்தைப் பற்றிய பதிவா? இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான பதில். 2007 ஆய்வைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து இங்கிலாந்து. 18ஆம் நூற்றாண்டுச் சீமான்கள் லொரேனையும் கௌப்பையும் வாங்கிக் குவித்தார்கள். பார்க்கும் இடமெல்லாம் அந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, லேசாகக் குவிந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் சுற்றுலாப் பயணிகள் கையில் வைத்திருந்தார்கள். அதற்கு லொரேன் பெயரே வைக்கப்பட்டது. நிலக்காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடியில் அதன் மங்கிய பிம்பத்தைப் பார்ப்பார்கள். இன்று செல்ஃபி எடுப்பவரைக் கேலி செய்ய நமக்கு உரிமை குறைவு.

இந்த மரபின் உச்சம் டர்னர். தான் வரைந்த இரண்டு படங்களை லண்டன் நேஷனல் கேலரிக்கு எழுதிவைத்தபோது, அவை லொரேனின் இரண்டு படங்களுக்குப் பக்கத்தில்தான் மாட்டப்பட வேண்டும் என்று உயிலில் நிபந்தனை போட்டார். 1851இல் இறந்தார். இயற்கையை மட்டும் பார்த்து வரைந்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

அதே காலத்தில் இந்த வெயில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1786இல் கல்கத்தாவில் வந்திறங்கி, 1792இல் தெற்கே பயணம் செய்து மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் ஆகிய இடங்களை வரைந்தார்கள். பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக அவற்றை வெளியிட்டார்கள். கட்டட அளவுகளில் அவர்கள் கவனமானவர்கள். காட்சியின் பிம்பத்தைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற கருவியைப் பயன்படுத்தியதால் கோபுரத்தின் வடிவத்தை நம்பலாம். படங்களில் பரவிக் கிடக்கும் நிதானமான சாய்ந்த ஒளியை அதே அளவுக்கு நம்பலாமா? தஞ்சாவூரில் அரைமணி நேரம்கூட நிற்காத வெயில், இந்தப் படங்களில் ஐரோப்பிய மாலையைப்போல ஓய்வாக நிற்கிறது. லண்டனில் வாங்கப்போகிறவர் பழகிய ஒளி அது.

நிழலே இல்லாத மாலை

நம் ஊர் மரபில் மாலை எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் நிழல் இல்லாமல் வந்தது. ராஜஸ்தானி, பஹாரி (இமயமலை அடிவாரப் பகுதி) சிற்றோவியங்களில் ஒளிக்குத் திசை கிடையாது. மரமும் மாடும் தரையில் நிழல் போடாது. அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பஹாரி ஓவியம் இருக்கிறது. மாடுகள் தூசி கிளப்பி வீடு திரும்பும் கோதூளி வேளை, நடுவே கிருஷ்ணன், மாடிகளிலிருந்து பார்க்கும் பெண்கள். எந்த நேரம் என்பதில் சந்தேகமே வருவதில்லை. அதைச் சொல்வது வெயில் அல்ல, மாடுகள். தஞ்சாவூர் ஓவியம் இன்னொரு பாதையில் போய், ஒளியை வரைவதை விட்டுவிட்டுத் தங்கத்தகட்டையே ஒட்டியது. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அது மினுங்கும். சாயத்தின் 30 மடங்கு எல்லையைத் தாண்ட இதைவிட நேரான வழி இல்லை.

நீலநிழல் வந்த விதம்

லொரேன் மரபில் நிழல் பழுப்பாகவே இருந்தது. அதை உடைத்தவர்கள் வெளியில் நின்று வரைந்த பிரெஞ்சு ஓவியர்கள். மொனே 1890–91இல் ஷிவெர்னி ஊரில் தன் வீட்டை ஒட்டிய வயலில் நின்ற தானியப் போர்களை, அதாவது கதிர்க் குவியல்களை, சுமார் 25 தடவை வரைந்தார். 1891 மே மாதம் அவற்றில் 15 பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. போரின் வடிவம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, ஒளி மட்டும் மாறுகிறது. சூரியன் தான் வரையும் வேகத்துக்கு நிற்காமல் இறங்கிவிடுகிறது என்று அந்த இலையுதிர்காலத்தில் ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். போரின் நிழல் பக்கத்தில் அவர் வைத்த ஊதாவையும் நீலத்தையும் கையால் மறைத்துப் பார்த்தால், வெயில் பக்கத்து ஆரஞ்சு சட்டென்று மண்ணிறமாகிவிடும்.

வான் கோ இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1888 ஜூன் மாதம் ஆர்ல் நகரில் அவர் வரைந்த விதைப்பவன் ஓவியத்தில் அடிவானத்தில் பெரிய மஞ்சள் சூரியன், வானமும் மஞ்சள், உழுத வயல் முழுக்க ஊதா கலந்த நீலம். எந்த மண்ணும் அப்படி இருக்காது. ஆனால் வெயில் சுடுகிறது.

எரிமலையும் புகையும் ஒன்றல்ல

இப்போது செய்திக்கு வரலாம். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பேசும்போது ஒரு அடிப்படை வேறுபாடு தவறவிடப்படுகிறது: அவை எதிரெதிரான விளைவுகளைப் பற்றியவை.

1. எரிமலை நிறத்தைக் கூட்டும். பெரிய வெடிப்பில் வெளியேறும் கந்தக டை ஆக்சைடு 20 கிலோமீட்டருக்கு மேலே போய் மிக நுண்ணிய அமிலத் துளிகளாகிறது. சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் கதிர் பட்டுக்கொண்டிருப்பதால் செவ்வொளி நீண்ட நேரம் நிற்கும். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு லண்டனின் செல்சி பகுதியில் வில்லியம் ஆஸ்க்ராஃப்ட் என்ற ஓவியர் மாலைதோறும் வானத்தை வேக வேகமாக வரைந்து, 500க்கும் மேற்பட்ட பேஸ்டல் படங்களைச் சேர்த்தார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட கிரகடோவா அறிக்கையில் அவற்றில் சில இடம்பெற்றன. காற்றின் சாட்சியாக ஓவியம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் கலைக்காக வரையவில்லை, பதிவுக்காக வரைந்தார்.

2. ஆலைப் புகை நிறத்தைக் குறைக்கும். தரைக்கு அருகே தேங்கும் புகையில் பெரிய துகள்கள் அதிகம். அவை எல்லா அலைநீளங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால் வானம் வெளுக்கும், தூரத்துப் பொருள்கள் மங்கும், சூரியன் மந்தமான தட்டாகத் தெரியும். 2023 ஆய்வு சொன்னது இந்த மங்கலையும் வெளுப்பையும்தான், பொன்னிறத்தை அல்ல.

இரண்டு இயற்பியல் விளைவுகளும் உண்மை. அவற்றை ஓவியத்திலிருந்து படித்தெடுக்க முடியுமா என்பதே விவாதம். டர்னரிடம் இது கடினம். 1839இல் காட்சிக்கு வைத்த தெமெரேர் போர்க்கப்பல் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கப்பலை உடைப்பதற்காக தேம்ஸ் ஆற்றில் இழுத்துச் செல்கிறார்கள், பின்னால் சூரியன் மறைகிறது. உண்மையில் அந்தக் கப்பல் 1838 செப்டம்பரில் மேற்கு நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. மறையும் சூரியன் அதற்கு முன்னால்தான் இருந்திருக்க வேண்டும். பாய்மரத் தண்டுகள் முன்பே கழற்றப்பட்டுவிட்டன, படத்தில் இருக்கின்றன. இழுத்தவை இரண்டு படகுகள், படத்தில் ஒன்று. சூரியனின் திசையையே மாற்றிய ஒருவர் அதன் சிவப்பை மட்டும் அளந்து வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

மொனே வேறு மாதிரி. 1899 முதல் 1901 வரை லண்டன் சவாய் ஓட்டலில் தங்கி வரைந்தபோது, ஒரு ஞாயிறு காலை மூடுபனியே இல்லாததைப் பார்த்துப் பதறிப்போனதாகவும், பிறகு அடுப்புகள் மூட்டப்பட்டுப் புகை வந்ததும் நிம்மதியடைந்ததாகவும் மனைவிக்கு எழுதியிருக்கிறார். ஆகவே புகை நிஜம். ஆனால் தெளிவான நாள்களை அவர் வேண்டாமென்று ஒதுக்கினார். புகையை விரும்பித் தேர்ந்தெடுத்தவரின் படங்களைச் சராசரி வானிலைக் குறிப்பேடாக எடுத்துக்கொண்டால் கணக்கு ஒருபக்கம் சாயும். அவருடைய கண்புரையைக் காரணமாகச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: அது கண்டறியப்பட்டது 1912இல், அறுவை சிகிச்சை நடந்தது 1923இல். லண்டன் படங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையவை.

இன்று தெரியும் மஞ்சள் அன்றைய மஞ்சள் அல்ல

நிறத்தை அளப்பதில் இன்னொரு பெரிய தடை, படமே மாறிக்கொண்டிருப்பது.

வார்னிஷ் முதல் குற்றவாளி. மரப்பிசின் வார்னிஷ் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நீலவானம் பச்சைக்குத் திரும்பும், வெள்ளை மேகம் பொன்னாகும். பழைய ஓவியங்களின் பொன்மாலையில் கணிசமான பங்கு இந்த வார்னிஷுடையது. அந்தப் பழுப்பையே இலக்கணமாக நினைத்தவர்களும் இருந்தார்கள். லொரேன் பக்தரான சர் ஜார்ஜ் போமான்ட், ஓவியத்தின் பொதுநிறம் பழைய வயலினின் நிறத்தில் இருக்க வேண்டும் என்றாராம். உடனே ஓவியர் கான்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்துப் பச்சைப் புல்தரையில் வைத்துக் காட்டினார். ரெம்பிராண்டின் இரவுக்காவல் என்று உலகம் அழைக்கும் படம், 1940களில் வார்னிஷ் அகற்றப்பட்டபோது பகல் காட்சியாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் லண்டன் நேஷனல் கேலரி தன் சுத்தம் செய்த படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, மக்கள் விரும்பிய பொன்னிறம் போய்விட்டது என்று பெரிய சண்டையே நடந்தது.

அடுத்தது சாயம். லொரேனும் கௌப்பும் பயன்படுத்திய ஈயம்-வெள்ளீய மஞ்சள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வழக்கொழிந்து, 1940களின் தொடக்கத்தில் ஆய்வகத்தில்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. டர்னரின் மஞ்சள்களில் ஒன்று நம் நாட்டுச் சரக்கு. இந்திய மஞ்சள் என்று ஐரோப்பியக் கடைகளில் விற்ற அந்தச் சாயத்தை பீகாரின் முங்கேர் அருகே, மாவிலை மட்டும் தின்னக் கொடுத்து வளர்த்த மாடுகளின் சிறுநீரைக் காய்ச்சி எடுத்தார்கள் என்று 1883இல் டி. என். முகர்ஜி லண்டனுக்கு எழுதிய அறிக்கை சொல்கிறது. பிறகு வந்த குரோம் மஞ்சள் பளிச்சென்று இருந்தது, மலிவு, ஆனால் நிலையற்றது. வெளிச்சம் பட்டு வான் கோவின் மஞ்சள்கள் சில பழுப்பாகிவருவதற்குக் காரணம் குரோமியம் வேதிமாற்றம் அடைவதே என்று 2011இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் நடந்த எக்ஸ்கதிர் ஆய்வு காட்டியது. மேலும், ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது படத்தின் டிஜிட்டல் நகலை. நகலெடுத்த விளக்கும் அதில் சேர்ந்துகொள்ளும்.

நிறத்தைத் தொடாமல் ஒரு கணக்கு

ஓவியத்திலிருந்து உறுதியான தகவலைப் பெறவே முடியாதா என்றால், முடியும், கோணத்தை நம்பினால். 2014இல் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக வானியலாளர் டொனால்ட் ஆல்சன், மொனேயின் லெ ஹாவ்ர் சூரியோதயத்துக்குத் தேதி குறித்தார். அவர் போன வழி:

1. பழைய வரைபடங்கள், புகைப்படங்களைக் கொண்டு ஓவியர் நின்ற ஓட்டல் ஜன்னலைக் கண்டுபிடித்தார்.
2. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் அந்த இடத்துக்கு மேல், 2 அல்லது 3 பாகை உயரத்தில், சூரியன் வருவது ஆண்டில் இரண்டு காலங்களில் மட்டும்: நவம்பர் நடுவில், ஜனவரி இறுதியில்.
3. படத்தில் பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் நிற்கின்றன. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றம், உயர்ந்திருந்தால்தான் அது சாத்தியம். ஓத அட்டவணை பல நாள்களை நீக்கியது.
4. வானிலைப் பதிவுகள் மேகமூட்டமும் புயலும் இருந்த நாள்களை நீக்கின.
5. புகை சாய்ந்திருக்கும் திசை, கிழக்கிலிருந்து காற்று வீசிய நாள்களை மட்டும் விட்டுவைத்தது.

எஞ்சியவற்றில் மிகப் பொருத்தமானது 1872 நவம்பர் 13, காலை சுமார் 7.35 மணி. எஞ்சிய ஜனவரி தேதி 1873இல் விழுவதால், அதை ஒதுக்க ஆல்சன் சார்ந்திருந்தது கையெழுத்துக்குப் பக்கத்தில் மொனே எழுதிய 72 என்ற எண்ணை. அந்த எண்ணை நம்பாதவர்களுக்கு 1873 ஜனவரி 25 இன்னும் பட்டியலில் இருக்கிறது.